பிள்ளை சேர்க்கப் போன சந்து

ஆசிரியப் பயிற்சி படித்த இரண்டு வருஷமும், வேலையில் சேரும் முதல் நாளை நான் மனசுக்குள் பலமுறை நடத்திப் பார்த்திருக்கிறேன். வகுப்பு, கரும்பலகை, எழுந்து நின்று வணக்கம் சொல்லும் பிள்ளைகள், அவர்களைப் பார்த்துப் புன்னகைக்கும் நான். தாராவியில் எனக்குக் கிடைத்த முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் கரும்பலகை இருந்தது. நானும் இருந்தேன். பிள்ளைகள்தான் பாதி வகுப்புக்குக் கூட இல்லை.

"ஜூன் மாசம் நமக்குப் பாடம் எல்லாம் அப்புறம்தான் டீச்சர்," என்றார் தலைமையாசிரியர். நல்ல மனிதர்தான். ஆனால் எதைச் சொன்னாலும் மேஜைமேல் இருக்கும் ரப்பர் ஸ்டாம்பைப் பார்த்தே சொல்வார். "இது பிள்ளை சேக்குற மாசம். ஒண்ணாம் வகுப்புல உங்களுக்குன்னு ஒரு பிரிவு கேட்டு வாங்கியிருக்கேன். மாசக் கடைசிக்குள்ள அதை நிரப்பலேன்னா பிரிவை மூடிருவாங்க. மூடினா, கடைசியா வந்தவங்கதான் வெளியே போகணும்."

கடைசியாக வந்தவள் நான். அதை அவர் சொல்லவில்லை; ஸ்டாம்பை எடுத்து இடம் மாற்றி வைத்தார்.

பயிற்சியில் குழந்தை மனவியல் சொல்லிக் கொடுத்தார்கள். அட்டையில் படம் வெட்டி ஒட்டச் சொல்லிக் கொடுத்தார்கள். பிள்ளைகளை வீடு வீடாகப் போய்ப் பிடித்துக்கொண்டு வர வேண்டும் என்று ஒருவரும் மூச்சு விடவில்லை. மற்ற டீச்சர்களெல்லாம் வருஷா வருஷம் இதைச் செய்து பழகியவர்கள். ஜூன் பிறந்தால் குடையை எடுத்துக்கொண்டு சந்துகளுக்குள் இறங்கிவிடுவார்கள்.

நான் சின்ன வயதிலிருந்தே பயந்தாங்கொள்ளி. மாட்டுங்காவில் எங்கள் கட்டிடத்தின் மூன்றாவது மாடியைத் தாண்டி எனக்கு உலகமே கிடையாது என்று அண்ணா கேலி செய்வான். டெலிபோன் மணி அடித்தால் எடுக்க மாட்டேன். தாராவியை பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருந்தேன், அதுவும் தோல் வாடைக்கு மூக்கை மூடிக்கொண்டு. அங்கே வேலை கிடைத்தபோது அப்பா ஒரு நாள் முழுக்க வாயே திறக்கவில்லை. மறுநாள் திறந்தார்.

"அந்த டோம்பிவிலி வரன் இன்னும் காத்துண்டிருக்கா. பொண்ணு வேலைக்குப் போகப்படாதுங்கறது ஒண்ணுதான் அவாளோட கண்டிஷன். உன் வேலை நிலைக்கறதான்னு பாப்போம். நிலைக்கலைன்னா பேசாம கழுத்தை நீட்டு," என்றார்.

அந்தப் பையனைப் பற்றி எனக்குக் கெடுதலாகச் சொல்ல ஒன்றுமில்லை. அவனை நான் பார்த்ததே இல்லை. ஆனால் டோம்பிவிலியில் ஒரு சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் நின்றுகொண்டு, போகிற ரயில்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்னை மட்டும் நன்றாகப் பார்க்க முடிந்தது. அதைவிடத் தாராவியின் பயமே மேல் என்று அன்று நினைத்தேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு வழி காட்ட ஒரு மூத்த ஆசிரியையை ஒதுக்குவது வழக்கம். எனக்கு ஒதுக்கப்பட்டவர் செம்பூரிலிருந்து வருகிறவர். தடித்த கண்ணாடி, பெரிய கறுப்புக் குடை, எப்போதும் அவசரம். அவர் எனக்குக் கொடுத்த பயிற்சி, ஆசிரியர் அறையில் டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

"பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. வலது கையைத் தலைக்கு மேல சுத்தி இடது காதைத் தொடச் சொல்லுங்க. தொட்டா அஞ்சு வயசு ஆச்சுன்னு எழுதிக்கலாம். கொஞ்சம் எட்டலேன்னா நீங்களே கையை லேசா இழுத்துத் தொட வச்சிருங்க. பையில பெப்பர்மின்ட் வச்சுக்கோங்க, சின்னது அழாது. முக்கியமா, இது தலைச்சனா, அடுத்தது உண்டான்னு கேளுங்க. அப்பத்தான் உள்ள தூங்குற ரெண்டாவதும் மூணாவதும் வெளியே வரும்."

எவ்வளவு நல்ல யோசனைகள் என்று தோன்றியது. பஸ்ஸில் போகும்போது அவற்றை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். கை, காது, பெப்பர்மின்ட், தலைச்சனா. மாட்டுங்கா கடையில் ஒரு பொட்டலம் பெப்பர்மின்ட்டும் வாங்கிக்கொண்டேன்.

அந்த ஜூனில் தாராவிச் சந்துகளில் ஒரு பேச்சு உலவிக்கொண்டிருந்தது. எங்கேயோ உப்பங்கழிக்கு மேலே பாலம் கட்டுகிறார்கள், தூண் நிற்க மாட்டேன் என்கிறது, பலி கேட்கிறது என்று பேச்சு. சும்மா ஏதாவது ஒரு பிள்ளை போதாதாம். தலைச்சன் பிள்ளை வேண்டுமாம். காது குத்தாத, உடம்பில் பழுது இல்லாத பிள்ளையாக இருக்க வேண்டுமாம். நன்றாக உடுத்திய ஒரு பொம்பளை மிட்டாய் கொடுத்து அளவு பார்த்துவிட்டுப் போகிறாள், பின்னாலேயே ஆள் வந்து தூக்கிக்கொண்டு போகிறான் என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அந்தப் பேச்சு மாட்டுங்கா வரைக்கும் வரவில்லை. வந்திருந்தாலும் எங்கள் வீட்டில் சிரித்திருப்பார்கள்.

மழை விட்டிருந்த ஒரு காலையில் மூத்த டீச்சரும் நானும் கிளம்பினோம். தோல் கிடங்குகளைத் தாண்டி, இரண்டு பக்கமும் தகர வீடுகள் நெருக்கிக்கொண்டு நின்ற ஒரு சந்தின் முனைக்கு வந்ததும் அவர் நின்றார்.

"நான் அந்த வரிசையைப் பாக்குறேன். நீங்க இதுல போங்க. எல்லாம் திருநெல்வேலிப் பக்கத்து ஜனங்கதான், பயப்படாதீங்க," என்று சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிவிட்டார்.

பயப்படாதீங்க என்று யாராவது சொன்னால்தான் எனக்குப் பயம் முழுசாக வரும். சந்துக்குள் ஆள் ஒருவர்தான் நடக்கலாம். நடுவில் சாக்கடை, அதன்மேல் அங்கங்கே பலகை. புடவையைத் தூக்கிப் பிடிப்பதா, குடையைப் பிடிப்பதா, பையைப் பிடிப்பதா என்று தெரியாமல் போனேன். ஆண்கள் பெரும்பாலும் வேலைக்குப் போயிருந்தார்கள். பெண்கள் வாசல்களில் உட்கார்ந்து அரிசி புடைத்தார்கள், பாத்திரம் தேய்த்தார்கள், என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். நான் தாண்டிப் போன பிறகு மறுபடி பேசினார்கள். அந்த மறுபடி வந்த பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு வாசலில் ஒரு பையன் நின்றிருந்தான். அரைஞாண் கயிறு தவிர உடம்பில் ஒன்றும் இல்லை. ஐந்து வயது இருக்கும், நான்கும் இருக்கலாம். அவன் அம்மா கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். நான் குனிந்து, பையில் கைவிட்டு ஒரு பெப்பர்மின்ட்டை எடுத்து அவன் கையில் வைத்தேன். வலது கையைத் தூக்கித் தலைக்கு மேல் வளைத்தேன். விரல் காதுக்கு எட்டவில்லை. சொல்லிக் கொடுத்தபடியே லேசாக இழுத்து, காதைத் தொட வைத்தேன். நிமிர்ந்து, என்னால் முடிந்த இனிமையான குரலில் கேட்டேன்.

"இது தலைச்சனாம்மா?"

அந்தப் பெண்ணின் முகத்தில் இருந்த ரத்தம் அப்படியே வடிந்ததை நான் பார்த்தேன். ஏன் என்று புரியாமல் இன்னும் கொஞ்சம் சிரித்தேன்.

"எதுக்குக் கேக்கிய? நீங்க யாரு?"

"நான் டீச்சர்மா. ஸ்கூல்லேர்ந்து வரேன்."

"நாங்க பாக்காத டீச்சரா? கண்ணாடி போட்ட டீச்சர்லா வருவாவ. நீ யாரு?"

'நீங்க' 'நீ' ஆகிவிட்டதை என் காது வாங்கிக்கொண்டது. அதற்குள் எதிர் வாசலில் இருந்தவள் முறத்தைக் கீழே போட்டுவிட்டு எழுந்துவிட்டாள்.

"ஏட்டி, அளவு எடுக்கா பாருட்டி! காதைப் புடிச்சுப் பாத்தா, நான் கண்ணால கண்டேன்! புள்ளய உள்ள இழுட்டி!"

பிள்ளை உள்ளே போனது. மற்ற எல்லாரும் வெளியே வந்தார்கள். ஒரு சந்துக்குள் அத்தனை பேர் இருக்க முடியும் என்று நான் நினைத்ததே இல்லை. எங்கிருந்தோ "பச்சா சோர்! பச்சா சோர்!" என்று இந்தியில் கத்தல் கேட்டது. பிள்ளை திருடி என்று என்னைத்தான் சொல்கிறார்கள் என்பது புரிய ஒரு கணம் பிடித்தது. பக்கத்துத் தகரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

யாரோ என் பையைப் பிடுங்கிக் கவிழ்த்தார்கள். சாக்பீஸ், கைக்குட்டை, டிபன் டப்பா, எல்லாவற்றுக்கும் மேலே அந்த பெப்பர்மின்ட் பொட்டலம் விழுந்து பிரிந்தது. மிட்டாய்கள் வெள்ளை வெள்ளையாகச் சேற்றில் சிதறின. ஒரு சின்னப் பெண் குனிந்து எடுக்கப் போனாள். அவள் கையில் பளாரென்று ஒரு அடி விழுந்தது.

"தொடாத! மயக்க மருந்து போட்டிருப்பா."

அதற்கப்புறம் கூட்டத்துக்குச் சந்தேகமே இல்லை. எனக்கே, என்னை அவர்கள் இடத்தில் நின்று பார்த்தால், சந்தேகம் வராது. அந்த யோசனைகள் எல்லாம் நல்லவைதான். வருஷக்கணக்காக அந்தச் சந்தில் வந்து போய், எல்லாப் பிள்ளைகளின் பெயரும் தெரிந்த ஒரு கண்ணாடி போட்ட டீச்சருக்கு நல்லவை. முகம் தெரியாத எனக்கு, அவை ஒவ்வொன்றும் தூக்குக் கயிற்றின் ஒரு இழை.

"கண்ணாடி டீச்சர் என்கூடத்தான் வந்திருக்கா. அந்தப் பக்கம் இருக்கா. அவாளைக் கேளுங்கோ," என்று அழுகைக் குரலில் சொன்னேன்.

சொல்லிக்கொண்டே சந்தின் முனையைப் பார்த்தேன். சத்தம் கேட்டு அவர் வந்து நின்றிருந்தார். தலைகளுக்கு மேலே அந்தக் கண்ணாடி எனக்குத் தெரிந்தது. என் முகமும் அவருக்குத் தெரிந்தது. கையை ஆட்டினேன். அவர் ஒரு நொடி அப்படியே நின்றார். பிறகு மழை இல்லாத அந்த நேரத்தில் குடையை விரித்து, முகத்துக்கு நேராகச் சாய்த்துக்கொண்டு, வந்த வழியே திரும்பிப் போனார். கூட்டத்தில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் மட்டும்தான் பார்த்தேன்.

அப்போதுதான் உண்மையான பயம் வந்தது. அதுவரை இருந்தது வெறும் நடுக்கம்.

தோல் கிடங்கிலிருந்து ஒரு ஆள் வந்து கூட்டத்தை விலக்கினார். நல்ல உயரம், முழங்கைவரை பழுப்புச் சாயம். அவர் கத்தவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நிதானமாகக் கேட்டார்.

"டீச்சர்னா சர்டிபிகேட் எங்க?"

சர்டிபிகேட் மாட்டுங்காவில் அப்பாவின் இரும்புப் பெட்டியில் பத்திரமாக இருந்தது.

"காட்டினா மட்டும் இங்கன எவன் வாசிக்கப் போறான்?" என்றாள் முறத்தைப் போட்டவள். "டீச்சர்னா பாடம் நடத்தட்டும். இந்தா நிக்குதுல்லா புள்ளைய. நடத்துட்டி பாப்போம்."

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பயிற்சிப் பள்ளியில் பேராசிரியைகள் பின்வரிசையில் உட்கார்ந்து மார்க் போட்ட பாடங்களை நான் நடத்தியிருக்கிறேன். அணிலைப் பற்றி ஒரு பாட்டும் கதையும் எனக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தவை. வாயைத் திறந்தேன். "அணில்" என்று வந்தது. அதற்கு மேல் காற்றுத்தான் வந்தது. மறுபடி "அணில்" என்றேன். பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் இரக்கம் இல்லை.

"போலீஸ் சவுக்கில கொண்டு போயி ஒப்படைப்போம்," என்றார் சாயக்கைக்காரர்.

"சவுக்கி எதுக்குண்ணே? இங்கனயே ரெண்டு போடு போட்டா உண்மைய கக்கிருவா," என்று ஒரு குரல் வந்தது. முதல் செருப்பு என் தோளில் விழுந்தது. வலிக்கவில்லை. இரண்டாவது எங்கே விழப் போகிறதோ என்றுதான் உடம்பு முழுவதும் காத்திருந்தது. நான் சாகப் போகிறேன் என்று தெளிவாக நினைத்தேன். டோம்பிவிலிக்காரர்கள் தப்பித்தார்கள் என்று அதற்கு அடுத்து நினைத்தேன். பயத்தில் புத்தி இப்படியெல்லாம் போகும்.

அந்த நேரத்தில் பின்னாலிருந்து ஒரு பிள்ளை என் பின்னலைப் பிடித்து இழுத்துவிட்டுச் சிரித்தது. பிள்ளைகளுக்கு இதெல்லாம் வேடிக்கைதானே. நான் திரும்பினேன். கையில் இருந்த குடை தானாக மேலே போனது.

"எவன்டா அது? கையைக் கட்டு! வாயில விரல் வை! உக்காருங்கடா எல்லாரும்!"

அது என் குரலே இல்லை. மூன்றாம் வகுப்பில் எங்களை நடுங்க வைத்த ஒரு டீச்சரின் குரல். இத்தனை வருஷமாக எனக்குள் எங்கே இருந்ததோ, அந்தத் தொண்டையோடு, அந்தக் கை ஓங்கலோடு அப்படியே வெளியே வந்தது.

பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். முதலில், எங்கள் பள்ளியில் ஏற்கெனவே படித்துக்கொண்டு, அன்றைக்கு மட்டம் போட்டிருந்த இரண்டு மூன்று பெரிய பிள்ளைகள். ஈரம், சேறு எதையும் பார்க்காமல் சாக்கடை ஓரமாக வரிசையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, ஒரு கையை மார்போடு கட்டி, மறுகை விரலை உதட்டில் வைத்தார்கள். அவர்களைப் பார்த்துச் சின்னதுகளும் உட்கார்ந்தன. வீட்டுக்குள் இழுக்கப்பட்டிருந்த அந்தப் பையன்கூட நழுவி வெளியே வந்து வரிசையின் கடைசியில் உட்கார்ந்து விரலை வாயில் வைத்துக்கொண்டான். என் மணிக்கட்டைப் பிடித்திருந்தவர் கையை எடுத்துவிட்டார். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவரும் பாதி கட்டிக்கொண்டார்.

முறத்துக்காரிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"டீச்சர்தான்ட்டி. இந்த அதட்டு வேற எவளுக்கு வரும்?"

கூட்டம் முழுக்கச் சிரித்தது. அடுத்த நிமிஷம் எனக்கு ஒரு ஸ்டூல் வந்தது. குடிக்கக் கோல்டு ஸ்பாட் பாட்டில் வாங்கிவர ஒருத்தர் ஓடினார். என் சாக்பீஸையும் டிபன் டப்பாவையும் சேறு துடைத்துப் பையில் போட்டார்கள். செருப்பை வீசியது யார் என்று தேடி ஆளாளுக்குத் திட்டினார்கள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து குடையை இறுகப் பிடித்தபடியே இருந்தேன்.

"எதுவும் மனசுல வச்சுக்கிடாதீய டீச்சர். காலம் அப்படி," என்றாள் அந்தப் பையனின் அம்மா. அவனைப் பிடித்து முன்னால் தள்ளினாள். "இவன் பேரை எழுதுங்க. சொன்ன பேச்சு கேக்க மாட்டான். கண்ண மட்டும் விட்டுட்டு மத்ததெல்லாம் உரிச்சிருங்க."

பெரிய பிள்ளை ஒன்று நீட்டிய நோட்டில் எழுதிக்கொண்டேன். அவளைப் பார்த்து அடுத்தவளும் கொண்டு வந்தாள். அதற்கு அடுத்தவளும். எவருடைய காதையும் நான் தொடவில்லை, ஒருவரையும் தலைச்சனா என்று கேட்கவில்லை. அவர்களாகவே வயது சொன்னார்கள், அவர்களாகவே உள்ளே தூங்கிய ரெண்டாவதையும் எழுப்பிக் கொண்டு வந்தார்கள். எல்லாரும் சொன்னது ஒரே வார்த்தை: நல்லா அடிங்க. சந்தை விட்டு நான் வெளியே வந்தபோது என் பிரிவு நிரம்பிவிட்டிருந்தது.

பள்ளியில் மூத்த டீச்சர் ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் டீ ஆடை படிந்து கிடந்தது. அவர் குடிக்கவில்லை.

"நானும் வந்திருந்தா ரெண்டு பேரையும் அடிச்சிருப்பாங்க," என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. அவரை அந்தக் குடையாலேயே ஒன்று போட வேண்டும் போல இருந்தது. ஆனால் அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்ததையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். நான் முகம் கழுவப் போனேன். தலைமையாசிரியர் மட்டும் மிகவும் சந்தோஷமாக இருந்தார். ஒரே காலையில் ஒரு பிரிவு நிரம்பி அவர் பார்த்ததே இல்லையாம்.

வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அதுவே கடைசி நாள். "வகுப்பு நிரம்பிடுத்து," என்று மட்டும் சொன்னேன். அப்பா பேப்பரை மடித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். டோம்பிவிலிக்கு அந்த வாரமே வேண்டாம் என்று பதில் போய்விட்டது. எனக்குக் கிடைத்த மிகப் பெரிய நிம்மதி அது. ஆனாலும் தூக்கத்தில் யாரோ என் மணிக்கட்டைப் பிடிப்பதுபோல் இருந்து விழித்துக்கொண்டே இருந்தேன்.

திங்கட்கிழமை வகுப்புக்குப் போனேன். அந்தச் சந்துப் பிள்ளைகள் எல்லாரும் வந்திருந்தார்கள். எண்ணெய் வைத்துத் தலை வாரி, சட்டை போட்டு, அந்தப் பையனுக்கு அரைஞாணுக்கு மேல் ஒரு நிக்கரும் போட்டு அனுப்பியிருந்தார்கள். நான் வாசலில் கால் வைத்ததும் ஒருவரும் எழுந்து வணக்கம் சொல்லவில்லை. உட்கார்ந்தபடியே, ஒரே நேரத்தில், கையைக் கட்டி விரலை உதட்டில் வைத்தார்கள். அத்தனை கண்களும் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தன. அந்தக் கை அடுத்து என்ன செய்யும் என்று பார்த்தன. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். இரண்டாவது செருப்புக்காக நான் காத்திருந்த பார்வை அது.

வராந்தா வழியாகப் போன தலைமையாசிரியர் நின்று எட்டிப் பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாக ஸ்டாம்பைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினார்.

"வகுப்புன்னா இது டீச்சர். வந்து ஒரு வாரம் ஆகல, அதுக்குள்ள ஒண்ணாம் வகுப்பை இப்படி வச்சிருக்கீங்களே. உங்களைப் பத்தி மேல நல்லபடியா எழுதிடறேன். இதை இப்படியே வச்சுக்கோங்க."

அவர் போய்விட்டார். என் வேலை நிலைத்துவிட்டது. நான் மேஜைமேல் பையை வைத்தேன். அந்தச் சத்தத்துக்கு முன்வரிசையில் இரண்டு பிள்ளைகள் கண்ணை இறுக மூடித் திறந்தார்கள்.

"கையை இறக்குங்கோ. நாம இன்னிக்கு அணில் பாட்டுப் பாடலாம்," என்று மெதுவாகச் சொன்னேன்.

ஒருவரும் இறக்கவில்லை. இன்னும் மெதுவாக, சிரித்துக்கொண்டு, மறுபடி சொன்னேன். கட்டிய கைகள் இன்னும் இறுகின. ஒரு அதட்டுப் போட்டால் எல்லாரும் உடனே கையை இறக்குவார்கள் என்று எனக்குத் தெரியும்.